முழங்கால் ஆழம்

கப்பலிலிருந்து கார் இறங்கியதுமே
மாரெத் என் கடிகாரத்தைக் கழற்றிச்
சாம்பல் கிண்ணத்தில் போட்டு மூடினாள்.
தால்லின் நகரத்தில் பத்தொன்பது வருடமாக
டிராம் ஓட்டுகிறவன் நான்.
கடிகாரம் இருந்த இடம்
உரித்த வெங்காயம் மாதிரி வெளுத்திருந்தது.
அதைப் பார்த்துத்தான்
முதல் நாள் முழுக்க மணி என்ன என்று யோசித்தேன்.

சாரேமா தீவில் ஜூலை மாதத்துச் சூரியனுக்கு
வீடு வாசல் கிடையாது.
பதினொன்று இருக்கும்,
யாரோ இன்னும் துணி காயப்போடுகிறார்கள்.

சந்தையில்
வாங்க வேண்டும் என்ற அவசரமே இல்லாமல்
எல்லாவற்றையும் வாங்கினாள்.
ஜூனிப்பர் மரத்தில் செதுக்கிய வெண்ணெய்க் கத்தியை
முகர்ந்து பார் என்று மூக்கருகே நீட்டினாள்.
மிளகும் மழையும் கலந்த வாசம்.
பிறகு அதே கத்தி இன்னொன்று.
எதற்கு இரண்டு என்றேன்.
ஒன்றைத் தொலைப்பதற்கு என்றாள்.

நல்ல வெயிலில் கம்பளிக் காலுறை விற்றுக்கொண்டிருந்தாள்
ஹெல்வே என்று அட்டையில் பெயர் எழுதிய பெண்.
என் செருப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு
"நாற்பத்தைந்து. இடது கால் கொஞ்சம் பெரிது" என்றாள்.
கட்டிக்கொண்டவளுக்கே தெரியாத சங்கதி.
சில்லறை இல்லையாம்,
மீதிக்கு ஒரு கட்டு சதகுப்பைத் தழை.
அதையும் நான்தான் சுமந்தேன்,
பூங்கொத்துக் கொடுக்க வந்து
ஆளைக் காணாதவன் போல.

மறுநாள் கடற்கரை.
பச்சை நீச்சலுடை. புதிது.
விலையில் பாதியைச் சொன்னாள்,
மீதிப் பாதியை நானே கூட்டிக்கொண்டேன்.

கடலுக்குள் நடந்தோம்.
கணுக்கால்.
இன்னும் நடந்தோம், கணுக்கால்தான்.
கரையில் எங்கள் துண்டு
தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிட்டது.
முழங்கால் வந்தது என்று சிரித்தாள்,
அடுத்த அடியில் மணல்மேடு,
மறுபடியும் கணுக்கால்.
நீச்சலுடையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

அவ்வளவு தூரம் நடந்தால்
பேசித்தானே ஆக வேண்டும்.
அவள் அம்மாவின் வீட்டை விற்பது பற்றி,
பல் கட்டும் ஆய்வகத்தில் புதிதாக வந்த மேலாளர் பற்றி,
அப்புறம் அதே குரலில்:

"நவம்பரில் வேலை முடிந்த பிறகும்
டெப்போவில் விளக்கை அணைத்துவிட்டு
டிராமுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாயாமே.
உர்மாஸ் சொன்னான்."

நான் குனிந்து
காலருகே ஓடிய மீன்குஞ்சுகளைப் பார்த்தேன்.
கண்ணாடிச் சில்லு போல் இருந்தன, நிழல் மட்டும் கருப்பு.

"ஏன் கேட்கவில்லை?"

"கேட்டிருந்தால் நீ எழுந்து வந்திருப்பாய்.
இருக்கட்டும் என்று விட்டேன்.
சூப்பை மட்டும் இரண்டு முறை சூடாக்கினேன்."

ஒன்றும் சொல்ல வரவில்லை எனக்கு.
அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன், தண்ணீரில்.
நெஞ்சு வரை வந்தது.
குளிர் ஒரு நொடி மூச்சைப் பிடுங்கியது.
பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள்,
விலையுயர்ந்த பச்சை ஒருவழியாக நனைந்தது.

நாயோடு ஒரு பெண் எங்களைக் கடந்து போனாள்.
நாய்க்கு வயிறு வரை தண்ணீர்.
உள்ளூர்க்காரி,
கடலில் உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்திருப்பாள் போல.
"ஆழம் வேண்டுமென்றால்
இன்னும் அரை கிலோமீட்டர் போகணும்"
என்று கையைக் காட்டினாள்.

இதுவே போதும் என்றோம்,
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.
நாய் மட்டும் நின்று
எங்களை ஒரு முறை முகர்ந்துவிட்டுப் போனது.

சாயங்காலம்
புகையில் வாட்டிய தட்டை மீன், கருப்பு ரொட்டி,
மேலே ஹெல்வேயின் சதகுப்பை.
கம்பளிக் காலுறைக்குள் மணல் நறநறத்தது.
இடது கால் நிஜமாகவே கொஞ்சம் பெரிதுதான்,
மாரெத் அளந்து பார்த்தாள்.

கத்திகள் இரண்டும் மேசைமேல் இருந்தன.
ஒன்றைத் தொலைக்க
இன்னும் நான்கு நாள் இருக்கிறது.