சுவரில்லாச் சித்திரம்

பழைய காகித ஆலையின் நிலவறையில் இருக்கிறது அந்த சர்வர்.
அறுபத்து நான்கு கோர்கள், அரை டெராபைட் நினைவகம்.
கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் இல்லை.
"படம் பார்க்கவா வாங்குகிறோம்?" என்று
கணக்குப் பிரிவின் ஊட்டெலா
அந்த ஒரு வரியைப் பேனாவால் அடித்துவிட்டார்.
மானிட்டர் இல்லை, விசைப்பலகை இல்லை.
கும்மிருட்டில் விசிறிகள்.

நான் மூன்றாம் மாடியில்.
ஜனவரி. கெமியில் மதியம் இரண்டரைக்கே பொழுது சாய்ந்துவிட்டது.
கறுப்புச் சாளரத்தில் ஒரு வெள்ளைக் குறி
விட்டு விட்டுத் துடிக்கிறது.

கடலுக்குள் நடப்போகும் காற்றாலை ஒன்றின் தூணில்
பனிப்பாளம் வந்து மோத வேண்டும்.
நிஜப் பனி மோத இன்னும் இரண்டு குளிர்காலம் இருக்கிறது.
அதற்குள் கடலை
நாற்பது லட்சம் கட்டங்களாக நறுக்கி வைத்திருக்கிறேன்.

ஓட்டியதும் நின்றுவிட்டது மென்பொருள்.
திரை எங்கே என்கிறது.
எண்ணைக் கூட்டுவதற்குத் திரை எதற்கு?
பதில் இல்லை, அதே வரி மறுபடி:
திரையைத் திறக்க முடியவில்லை.
சுவர் இருந்தால்தான் சித்திரமாம்.

தாவெட்டியை அழைத்தேன்.
அவன் துளைக்கருவியோடு பனியின் மேல் நிற்கிறான்.
அவன் சொன்னதில் பாதியைக் காற்று தின்றது.
"பொய்ச்சுவர் ஒன்று கட்டிக் கொடு" என்றது மீதி.

கட்டினேன். ஒரே ஒரு கட்டளை.
நினைவகத்துக்குள் மட்டும் விரியும் திரை அது,
கண்ணாடியும் இல்லை ஒளியும் இல்லை,
தூசி படிய இடமில்லை.
மென்பொருள் நம்பிவிட்டது.
இவ்வளவு எளிதில் ஏமாறும் ஒன்றை நம்பியா
நடுக்கடலில் தூண் நடப்போகிறோம் என்று
ஒரு கணம் கை தயங்கியது.
பிறகு, நான் துண்டித்துக்கொண்டு போனாலும்
நீ செத்துப்போகாதே என்று ஒரு சொல்லையும் சேர்த்து
ஓடவிட்டேன்.

இரவு, ஓட்ஸ் கஞ்சி கிண்டியபடி
போனில் எட்டிப் பார்த்தேன்.
வரி வரியாக எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன.
பிழை ஆயிரத்தில் ஒன்று. பிறகு லட்சத்தில் ஒன்று.
2317-வது படியில் ஒரு துள்ளல்.
விசை ஏறுகிறது,
ஏறுகிறது,
சட்டென்று விழுகிறது.
மறுபடி ஏறுகிறது, இம்முறை வேறொரு உயரத்துக்கு.
பனி உடைகிறது.
சத்தமில்லாமல், வெண்மையில்லாமல்,
தசமப் புள்ளிக்கு வலப்புறத்தில்.
கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

காலையில் அறுநூறு படங்கள் காத்திருந்தன.
வரையவென்று பிறக்காத கோர்கள்
விடிய விடியப் புள்ளி புள்ளியாய் வைத்தவை.
முதல் படம், வெறும் சாம்பல் நீலம்.
நூறாவதும் சாம்பல் நீலம்.
முந்நூறு, ஐந்நூறு, வேகவேகமாய்த் தள்ளிக்கொண்டே போனேன்.
கடைசிப் படமும் அதேதான்.

காமிரா எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று
நான் சொல்லவேயில்லை.
தூணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
இரவெல்லாம் அது ஆகாயத்தை வரைந்திருக்கிறது,
ஒரு புள்ளி விடாமல், ஒரு புகார் சொல்லாமல்.

பத்து மணிக் கூட்டத்தில் சுவரில் அதைத்தான் போட்டேன்.
வேறென்ன இருக்கிறது போட?
"நல்ல வானிலை" என்றார் ஊட்டெலா.
சிரிப்பு அடங்கியதும் எண்களின் கோட்டைக் காட்டினேன்.
பல்வரிசை மாதிரி ஏறி இறங்கும் கோடு.

தாவெட்டி காலுறையோடு எழுந்து வந்தான்
(பூட்ஸ் ஹீட்டர் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது).
ஒரு சரிவில் விரல் வைத்தான்.
"இந்த இடத்தில் ஒரு சத்தம் வந்திருக்கும்" என்றான்.
வந்திருக்கும் சத்தத்தை
வாயாலேயே போட்டும் காட்டினான்.
அடித்தொண்டையிலிருந்து, நீளமாக,
இரும்புக் கதவைத் தரையில் இழுப்பதுபோல.

யாரும் சிரிக்கவில்லை.
ஊட்டெலா ஜன்னல் பக்கம் திரும்பினார்.
அங்கேயும் சாம்பல் நீலம்தான்.

காமிராவைத் திருப்பிவைத்து
படங்களை மட்டும் மறுபடி வரையச் சொன்னேன்.
வரிசையில் எனக்கு முன்னால்
இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.