விசில் சன்னம்

பெரம்பூர்ப் பட்டறைக்கு அது
லாரியில் வந்தது.
ரயில் எஞ்சின், லாரியில்.
மூலக்கொத்தளம் வளைவில் ஒரு மணி நேரம்
ஊரை நிறுத்தி வைத்ததாம்.

துறைமுகத்து ஏழாம் நம்பர்.
முதுகில் தண்ணீர்த் தொட்டி, கீழே ஆறு சக்கரம்,
கட்டை உருவம்.
நாற்பத்தோரு வருஷம்
தாதுமேட்டிலிருந்து கப்பலடிக்கு,
கப்பலடியிலிருந்து தாதுமேட்டுக்கு.
ஒரு சாப்பாட்டு வேளையில் கணக்குப் போட்டேன்:
பூமியை ஏழு சுற்றுக்கு மேல் வருகிறது.
கேட்டைத் தாண்டியதில்லை.

என் வேலை தகடு அளப்பது.
கொதிகலன் வயிற்றுக்குள் குப்புறப் படுத்து
கருவியை ஒட்டி ஒட்டி எடுப்பேன்.
பதினொன்று, பத்தரை, ஒன்பது,
ஓரிடத்தில் நாலு.
நாலைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுக்
கொஞ்ச நேரம் சும்மா கிடந்தேன்.
நாலு மில்லிமீட்டரை நம்பி
எவரோ முன்னால் நின்று
கரி அள்ளிப் போட்டிருக்கிறார்.

ஸ்டே கம்பிகளைத் தேசிங்கு தட்டுவார்,
நான் குறிப்பேன்.
நல்லது கணீரென்னும்.
உடைந்தது, ஜலதோஷம் பிடித்தவன்
பெயர் சொல்கிற மாதிரி.
அறுபத்திரண்டு ஜலதோஷம்.

தொட்டியைக் கழுவிய தண்ணீர்
மூன்று நாள் சிவப்பாகவே ஓடியது. பெல்லாரி மண்.
பச்சை அடியுங்கள், போட்டோவில் எடுக்கும் என்றார் அதிகாரி.
சுரண்டிப் பார்த்தால் ஐந்து அடுக்கும் கறுப்பு.
பச்சைதான் அடித்தோம்.

டூப் அத்தனையும் புதுசு. தரைத்தகடு புதுசு.
பழையது என்று சொல்ல
சக்கரமும் சட்டமும் நம்பர்ப் பலகையும்.
விசில் இருந்த ஓட்டையில் மரக்கட்டை.
பித்தளை விலைக்குப் போயிருக்கும்.

காகிதங்களோடு வந்த ரிப்பேர் புத்தகத்தைக்
கரையான் பாதி படித்திருந்தது.
மீதியை நான் படித்தேன்.

டிரைவர் ஜி. எத்திராஜுலு, மார்ச் 1958:
விசில் சன்னம். கப்பல் சங்கில் அமுங்கிப்போகிறது.
எதிரே, நடவடிக்கைக் கட்டத்தில்: பிறகு.
1959: விசில் சன்னம். பிறகு.
1960: மேற்படி.
எதிரே: மேற்படி.
1961 நவம்பர், மழை:
பிரேக் கட்டை தேய்வு. மாற்றப்பட்டது.
வண்டி இரண்டு மணி பத்து நிமிடம் தாமதம்.
காரணம், தாதுக்கூடை ஆள், பெண், விலகவில்லை.

பெயர் இல்லை.
தாமதம் நிமிடம் வரைக்கும் இருக்கிறது.

அதற்கும் கீழே, அதே பேனா,
தாளின் மறுபக்கம் புடைக்கிற அழுத்தத்தில்
ஒரே சொல்: விசில்.
எதிரே என்ன எழுதினார்களோ
அங்கேதான் கரையான்.

ஸ்டோர்ஸில் போய் மெயில் வண்டி விசில் கேட்டேன்.
இந்தக் குட்டைக்கா, என்று சிரித்தார் குணபூஷணம்.
கையெழுத்து மூன்று இடத்தில் வாங்கிக்கொண்டு
துணியில் சுற்றிக் கொடுத்தார்.
கைக்குழந்தையைவிடக் கனம்.

ஓட்டம் பார்த்த நாள்
விடியக்காலை நாலு மணிக்கே நெருப்பு.
முள் ஏறவே ஏறாது என்று தோன்றியது,
பிறகு கடகடவென்று ஏறியது.
சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்,
பூசணிக்காய்ச் சிதறல், மாலை,
அதிகாரியின் மனைவிக்கு ஒரு நாற்காலி.
பாதை மொத்தமே நாற்பது மீட்டர்.
எல்லோரும் அதன்மேலேதான் நின்றிருந்தோம்,
செல்போனை உயர்த்திக்கொண்டு.

டீசல் ஓட்டுகிற ரிஸ்வான்
கயிற்றைப் பிடித்து
ஒருமுறை என்னைப் பார்த்தார். இழுத்தார்.

வேப்பமரத்துக் காக்கை அத்தனையும் எழுந்தது.
கேண்டீனில் ஏதோ பாத்திரம் விழுந்தது.
முதுகுத்தண்டு வரை வந்தது சத்தம்.

யாரும் சொல்லவில்லை,
எல்லோரும் தண்டவாளத்தை விட்டு
விலகினோம்.