ஒரு பல் தள்ளி

கடனுக்கு வந்த கார்.
பள்ளத்தூர்ப் பங்காளி அரு. நாச்சியப்பன்
ஆறரை லட்சத்துக்கு ஈடாகச் சாவியை நீட்டியபோதே
டேஷ்போர்டில் ஒரு விளக்கின் மேல்
கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.
"சும்மா எரியுது ஆச்சி, சென்சார் கிறுக்கு."
நான் வரவு வைத்தேன்.
அவன் பேரேட்டை மூடினேன்.

இரண்டே இருக்கை, ஜெர்மன்,
வயது இருபத்தொன்று.
கூரை மடங்கும்.
மடங்கியது விரிய மழை வர வேண்டும்,
மழையோடு இரண்டு ஆளும் வர வேண்டும்.

ஐம்பது வரைக்கும் சாது.
எழுபதில், அமராவதிபுதூர் தாண்டி,
அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரிப் போகிற சாலையில்
இடது முன்சக்கரத்தை எவரோ பிடிக்கிறார்கள்.
நான் பிரேக் மிதிக்கவில்லை.
கார் மிதிக்கிறது.
நான் சறுக்குகிறேனாம்,
அது என்னைக் காப்பாற்றுகிறதாம்.

குன்றக்குடி வளைவில் ஒருமுறை
எதிரே வைக்கோல் லாரி.
ஸ்டியரிங் கையில் கல்லாய் இறுகி
ஒரு நொடி கழித்து இளகியது.
அந்த ஒரு நொடியில்
லாரியின் நெற்றியில் எழுதியிருந்ததை முழுதாகப் படித்துவிட்டேன்.
டிரைவர் சொன்னதை எழுத முடியாது.

பேட்டரியைக் கழற்றி மாட்டச் சொன்னார்கள்.
இடக்கோடி வரை ஒரு சுற்று,
வலக்கோடி வரை ஒரு சுற்று,
பிறகு நடுவுக்கு வா,
நேர் எது என்று அது மறுபடி கற்றுக்கொள்ளும் என்றார்கள்.
கற்றுக்கொண்டது.
ரயில்வே கேட் வரைக்கும்.

தேவகோட்டை ரஸ்தாவில், அரிசி ஆலைக்குப் பின்னால்
சவரிமுத்துவின் கொட்டகை.
எண்டர் கீ இல்லாத லேப்டாப்,
அந்தக் குழியில் பென்சில் முனையால் குத்துகிறான்.
"நேரா ஓட்டுங்கம்மா. இன்னும் நேரா."
நேராகத்தான் ஓட்டினேன்.
திரையில் ஸ்டியரிங் சொன்னது: ஐந்து டிகிரி.
வண்டியின் உடம்பு சொன்னது: பூஜ்யம்.
"ஒண்ணு திரும்புறேங்குது, ஒண்ணு திரும்பலைங்குது.
ரெண்டு சென்சாரும் நல்லாருக்கு."

இது எனக்குத் தெரிந்த இடம்.
முப்பது வருஷமாய் அடுத்தவர் கணக்கைத் தணிக்கை செய்கிறேன்.
ஐந்தொகை எடுக்கையில்
பற்றும் வரவும் ஒட்டாது;
எவனோ ஒருவன் வித்தியாசத்தைக்
கோயில் செலவு என்று எழுதியிருப்பான்.
தொகை அழகாகச் சேரும்.
கோயிலில் ரசீது இருக்காது.

"சக்கரத்தைக் கழட்டுவமா?" என்றேன்.
"எந்தச் சக்கரத்தம்மா?"
"என் கையில் இருக்கிறதை."

பேட்டரியைத் துண்டித்தான்.
காற்றுப்பை அடங்கட்டும் என்று
ஒரு டீ நேரம் காத்திருந்தோம்.
நட்டு கழன்றதும் தண்டு தெரிந்தது,
சுற்றிலும் பல், பொடிப் பொடியாக,
அதில் கம்பெனி குத்திய ஒரு புள்ளி.
ஸ்டியரிங்கில் அதற்கு ஜோடிப் புள்ளி
ஒரு பல் தள்ளி நின்றது.

வண்டிக்கு அடியில் படுத்தவன் பேசவே இல்லை.
பிறகு கையை மட்டும் வெளியே நீட்டினான்.
டை ராடு வளைந்திருக்கிறது.
ரிம்மின் உள்விளிம்பில் செம்புராங்கல் தூள்,
விரலில் தேய்த்தால் செங்காமட்டி.
எந்தச் சுவரோ, எந்த ராத்திரியோ.
சக்கரத்தை நேராக்கச் செலவாகும் என்று
பிடியை நேராக்கியிருக்கிறான்.

விளக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.
அதற்குத்தான் டேப்.

டை ராடு கோயம்புத்தூரிலிருந்து வர நான்கு நாள்.
"அதுவரை பழையபடி மாட்டித் தரவா?"
"புள்ளிக்குப் புள்ளி வையுங்க."
"பிடி கோணலா நிக்கும்மா."
"நிக்கட்டும்."

டேப்பை நகத்தால் உரித்தேன்.
முப்பதுக்கு மேல் போகாமல்,
மஞ்சள் விளக்கு எரிய எரிய,
கோணல் ஸ்டியரிங்கோடு நேர் சாலையில்
பள்ளத்தூர் போய் ஹாரன் அடித்தேன்.

தெருவில் விளையாடிய பிள்ளைகள்
கூரை மடங்குமா என்று கேட்டார்கள்.
பால்காரர் விலை கேட்டார்.
நாச்சியப்பன் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தான்,
குனிந்தான்,
என் முகத்தைப் பார்க்குமுன்
ஸ்டியரிங்கைப் பார்த்தான்.

"சாப்பிட்டீகளா ஆச்சி?" என்றான்.

நான் என்ஜினை அணைக்கவில்லை.