கரண்ட் போன பேகடா

பள்ளத்தூர்க் கோயில் முன்மண்டபத்தில்
நான்கு ஸ்பீக்கர் கட்டியிருந்தேன்.
கேட்க வந்தவர்கள் பதினோரு பேர்.
அதில் இருவர் தூங்கினார்கள்,
ஒருவன் நான்.
மிச்ச ஊர் பந்தியில் இருந்தது.
கந்தரப்பம் தீர்ந்துவிடும், ராகம் தீராது.
நியாயமான கணக்குதான்.

இருபத்தாறு வருஷமாக மைக் வைக்கிறேன்.
பாட்டு எனக்குச் சின்ன விளக்குகளின் வரிசை:
பச்சை, மஞ்சள், சிவப்பு.
சிவப்பைத் தொட்டால் குறைப்பேன்.
மோகனமோ முகாரியோ
வீலென்று கத்தாதவரை நல்ல ராகம்.

தாராபுரம் கமலவேணி
மைக்கை இரண்டு தட்டுத் தட்டி
"இது பாடுமா?" என்றார்.
"நீங்க பாடினாப் பாடும்" என்றேன்.
பேகடாவை எடுத்தார்.
எடுத்தார் என்று மிருதங்கக்காரர் சொல்லித் தெரியும்.

ஒன்பது பத்துக்குக் கரண்ட் போனது.

ஜெனரேட்டருக்கென்று வாங்கிய டீசலில் பாதி
என் வேனின் வயிற்றில் இருந்தது.
இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.
இழுத்தேன், இருமியது, இழுத்தேன்,
செத்துவிட்டது.
வசைக்குக் காது கொடுத்து நின்றேன்.

வசை வரவில்லை.
அவர் நிறுத்தவே இல்லை.

நான்கு மூலையிலிருந்தும் வந்துகொண்டிருந்த குரல்
ஒரே ஓர் இடத்திலிருந்து வந்தது:
எனக்கு எதிரே, பத்தடி தள்ளி,
உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷியிடமிருந்து.
இரண்டு ஸ்வரத்துக்கு நடுவே
அவர் மூச்சு வாங்கினார்.
அந்த மூச்சை
இரைச்சல் என்று இத்தனை காலம்
திருகி வெட்டியிருக்கிறேன்.
தூங்கிய இருவரில் ஒருவர் எழுந்து
மேல்துண்டைச் சரிசெய்துகொள்ளும் சத்தம்கூடக் கேட்டது.

இருட்டில் சிக்கந்தர் சும்மா இருப்பாரா.
ஒரு ஃப்ளாஷ்:
அந்தரத்தில் நின்ற கமலவேணியின் கை,
எதையோ வாங்கப் போவதுபோல்.
இன்னொன்று:
மிருதங்கக்காரரின் மூடிய கண்,
மூக்கு நுனியில் தொங்கும் வேர்வை.
மூன்றாவதற்கு,
முகத்தில் நேரே அடித்தால் கண் கூசுமென்று
விளக்கை விதானத்தை நோக்கித் திருப்பினார்.

விதானத்தில் நேற்று வர்ணம் காய்ந்த பூதகணம்.
சங்கு ஊதும் உப்பிய கன்னம்,
கறுப்புச் சட்டக் கண்ணாடி,
இடுப்பில் இறுக முடிந்த சுருக்குப்பை.
கோயில் கணக்கு அடைக்கப்பன்,
அச்சு அசல்.

மேல் ஷட்ஜத்துக்குத் தலை உயர்த்திய கமலவேணிதான்
முதலில் பார்த்தார்.
சிரிப்பு வந்துவிட்டது.
வந்த சிரிப்பு
சரியாகச் சமத்தில் விழுந்தது.
மிருதங்கம் அதைச் சாகித்யம் என்றே எடுத்துக்கொண்டு
மூன்று தரம் முத்தாய்த்து முடித்தது.
பத்துப் பேரும் சிரித்தோம்.
தாளம் போட்டபடி.

சாரக்கம்பில் சாய்ந்திருந்த ஓவியர் சவரிமுத்து மட்டும்
சிரிக்கவில்லை.
மூன்று மாதச் சம்பளம் பாக்கி.

கை கழுவிய ஈரத்தோடு
பந்தியிலிருந்து அடைக்கப்பன் வந்து நின்றார்.
"என்ன கூத்து?"
யாரும் சொல்லவில்லை.
மேலே பார்த்தார், இருட்டு.
"சிக்கந்தரு, இன்னொருக்கா அடிங்க."
அடித்தார்.
"இன்னொருக்கா."
அடித்தார்.
வெகுநேரம் பேச்சில்லை.
தம்பூராச் செயலி மட்டும் யாருடைய போனிலோ
விடாமல் முனகிக்கொண்டிருந்தது.

"மூக்கத்தான் கொஞ்சம் பெரிசாப் போட்டுட்டீக."
"இருக்கிறதத்தாங்க போட்டேன்."
"ம்."
"அழிச்சிரவா?"
"பை நல்லா வந்திருக்கு. இருக்கட்டும்.
பாக்கிக்கு நாளைக்கு வாங்க."
"அதத்தான் மூணு மாசமா..."
அந்த இடத்தில்தான்
அடைக்கப்பன் சிரித்தார்.
கன்னம் உப்பியது.
மேலே இருப்பவருக்கும் இவருக்கும்
சங்கு ஒன்றுதான் வித்தியாசம்.

கரண்ட் வந்தது.
எல்லா விளக்கும் எரிந்ததில்
விதானம் மறுபடியும் வெறும் விதானம்,
தலை தூக்கிப் பார்க்க ஒருவருமில்லை.
நான் திருகுகளைப் பழைய இடத்துக்கு ஏற்றவில்லை.
பாதியில் விட்டேன்.
எல்லாப் பாடகர்களும் காட்டுவதுபோல்
"ஏத்து, ஏத்து" என்று அவர் விரல் காட்டவில்லை.
ஒருதரம் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.
மூச்சு கேட்டது.

மறுநாள் பில்லில்
ஸ்பீக்கர் நான்கு, மைக் மூன்று,
ஜெனரேட்டர் ஒன்று என்றே எழுதினேன்.
ராகம் பிடிபட்டதற்காகத் தள்ளுபடி தரும் அளவுக்கு
நான் இன்னும் முன்னேறவில்லை.