தூரம்

என் பதிவேட்டில் இரண்டு தூரம் உண்டு.
முதலாவது,
கடைசியாய் எப்போது தூரமானாய் என்பது.
நெல்லிச்சேட்டில் பாதிப் பேர்
மிளகு பறித்த வாரம் என்பார்கள்,
தேர் இறங்கிய மறுநாள் என்பார்கள்.
கோகிலவாணி மட்டும்
போனைத் திறந்து ஏப்ரல் அஞ்சு என்றாள்.

இரண்டாவது,
ஆஸ்பத்திரிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது.
எனக்கு முன் இருந்த நர்ஸம்மா
பச்சை மையில் 6 என்று எழுதிவிட்டு
மாற்றலாகி ஓமலூர் போய்விட்டார்.
மூன்று வருடமாய் நானும் அதைப் பார்த்தே எழுதினேன்
ஆறு, ஆறு, ஆறு.

ஆறுதான்,
எஸ்டேட் கேட் திறந்திருந்தால்.

காப்பிப் பழம் சிவந்து உதிர்கிற மார்கழி.
"பத்து நாள் முன்னாடியே வந்து தங்கிடு,
கட்டில் இருக்கு, சோறு போடுறாங்க."
"பத்து நாள் கூலியும் போடுவாங்களாக்கா?"
கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.
ரத்தம் ஏழு புள்ளி எட்டு.
சிவப்பு மையில் வட்டம் போட்டேன்.
வட்டம் போடத்தான் எனக்குத் தெரியும்.

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்க, ராத்திரி பத்தரைக்கு,
டவர் கிடைக்கிற ஒரே பாறையில் ஏறி நின்று
கரிராமன் கூப்பிட்டான்.
நூற்றியெட்டு வந்தது,
தார் முடிகிற இடம் வரைக்கும்.
கேட்டில் வாட்ச்மேன் இருந்தார், சாவி இல்லை.
சாவி ரைட்டரிடம்.
ரைட்டர் பொங்கல் துணி எடுக்கச் சேலம் போயிருந்தார்.

மூங்கிலில் போர்வை கட்டி
வேலியைச் சுற்றி
ஓடையில் இறங்கி ஏறினார்கள்.
நான் வண்டியருகே நின்றேன்.
சில்வர் ஓக் மரங்களுக்குள் ஒரு டார்ச் வெளிச்சம்
தெரிந்தது, காணாமல் போனது,
நினைத்ததைவிடக் கீழே மறுபடி தெரிந்தது.
டிரைவர் இன்ஜினை அணைக்கவே இல்லை.
டீசல் வாசனை, பழம் புளித்த வாசனை,
மூன்று மணி பத்து நிமிடம்.

பிறகு இருபது கொண்டை ஊசி.
சேலம் பெரியாஸ்பத்திரி. இரண்டு பாட்டில் ரத்தம்.
பெண் குழந்தை, இரண்டு கிலோ முந்நூறு.
பிழைத்தார்கள்.

மாதக் கூட்டத்தில் கேட்டார்கள்,
ஆறு கிலோமீட்டருக்கா மூன்று மணி நேரம்?
அன்று மாலையே கட்டத்தைத் திறந்து
கேட், சாவி, ஓடை என்று தட்டிப் பார்த்தேன்.
எண்களை மட்டும் உள்ளிடவும் என்றது கணினி.

மூன்றரை மாத ஊசிக்கு வந்தாள்.
பிள்ளை வீறிட்டு ஓயட்டும் என்றிருந்து கேட்டேன்:
அன்னிக்கு எவ்ளோ தூரம்டி இருக்கும்?
"கண்ணை மூடிட்டுத்தானே கெடந்தேன்.
கம்பு தோள் மாறுறப்போ ஒரு குலுக்கு குலுக்கும்.
அதைத்தான் எண்ணிட்டே வந்தேன்.
பதினேழு தோளுக்கா."

பதினேழு என்று உள்ளிட்டேன்.
ஏற்றுக்கொண்டது.