பன்னிரண்டு பாகை

பாடாங் செராய், பஸ் நிறுத்தத்துக்குப் பின்கடை.
திரையில் சரிகிறது எழுத்து:
கொண்டை இல்லை, குஞ்சம் இல்லை,
ஒரே தடிமன்,
பன்னிரண்டு பாகை வலப்பக்கம்.
டயர் கடைக்கும் டியூசனுக்கும் இதையேதான் கேட்கிறார்கள்.
நிமிர்ந்த எழுத்து நின்றுவிடுமாம்.

எழிலரசி டிரான்ஸ்போர்ட்.
ழியின் கால் பக்கத்து எழுத்தை மிதிக்க,
மயிரிழை நகர்த்தினேன்.

செம்பனைக் குலை லாரி.
வலக்கதவில் பெயர் வண்டியோடு ஓடியது.
இடக்கதவில் அதே பெயர்
பின்னால் சாய்ந்து
பிரேக் பிடித்தது.

"இதை மட்டும் எதிர்ப்பக்கம் சாய்க்கவா, அண்ணே?"

குப்புராஜ் சுற்றி வந்து பார்த்தார்.
"வேணாம்யா.
கடன்காரன் ரோட்டோரம்
இந்தப் பக்கந்தான் நிப்பான்.
திரும்பி வர்றேன்னு நினைச்சுக்கட்டும்."

சிரித்தபடி வண்டியைக் கிளப்பினார்.
ஸ்டிக்கர் பாக்கி நாற்பது வெள்ளி.

நான் நின்றிருந்தது
இடப்பக்கம்.