ஏழா, எட்டா

லினன் அறையில் ஆறு பேர்.
நாற்காலி நாலுதான்.
துவைத்து வந்த போர்வைக் கட்டின் மேல்
நானும் தேசம்மாளும்.

பிரசில்லா மேடம் கதவைச் சாத்தினார்.
செல்போன்களை ஒரு கிட்னி டிரேயில் வாங்கி
அலமாரி மேல் வைத்தார்.
"இது விசாரணை இல்லை.
யார் தப்பு என்று யாரும் எழுதப்போவதில்லை.
அரை மணி நேரம்."

பதினோரு வருடத்தில் முதல் தடவை
டியூட்டி முடிந்ததும் யாரோ உட்காரச் சொல்கிறார்கள்.
எங்களுக்கு உட்காரத் தெரியவில்லை.
எழில்மாறன் கட்டைவிரல் பிளாஸ்டரை
உரித்து உரித்து ஒட்டினான்.
மெஹருன்னிசாவின் கண் கடிகாரத்தில்:
ஏழு ஐம்பதுக்கு மாதவரம் பஸ்.
ஜன்னலுக்குக் கீழே
காசிமேட்டுக்குப் போகும் ஐஸ் வண்டி
சாலை நெடுகச் சொட்டிக்கொண்டு போனது.

"நடந்ததை மட்டும் முதலில் சொல்லுங்கள்."

நடந்தது:
இரவு ஒன்பது இருபது.
எண்ணூர் ரோடு, கண்டெய்னர் லாரி,
டியூஷன் விட்டு சைக்கிளில் வந்த பையன்.
முப்பத்திரண்டு நிமிடம்.
அட்ரினலின் ஏழு ஆம்பியூல்.

"எட்டு" என்றான் எழில்மாறன்.
"ஏழு. நான்தானே எழுதினேன்."
"நான்தானே உடைச்சேன் சிஸ்டர்."
"ரெஜிஸ்டரைக் கொண்டு வரட்டுமா?"
"கொண்டு வாங்க!"

அந்தச் சின்ன அறைக்கு
எங்கள் குரல் பெரிதாக இருந்தது.
போர்வைக் கட்டு அசைந்தது.
"எட்டுதாம்மா" என்றாள் தேசம்மாள்.
"கண்ணாடியைப் பெருக்குனது நானு.
ஒண்ணு கட்டிலுக்கு அடியில உருண்டு போச்சு.
இதையெல்லாம் வூட்டுல சொல்ல முடியாது.
ரத்தம் தொடச்சேன்னா
எம் மருமவளுக்குச் சோறு எறங்காது."

எழில்மாறன் பிளாஸ்டரை விட்டுவிட்டான்.
"டாக்டர் போதும்னு சொன்னதுக்கு
அப்புறம்தான் உடைச்சேன்.
போடல.
கையிலயே வெச்சிருந்தேன்.
எப்போ அழுத்துனேன்னு தெரியல."

ஆக, ஏழும் சரி.
எட்டும் சரி.

யாரும் கேட்கவில்லை. நானே சொன்னேன்:
அவன் அம்மா உள்ளே வரப் பார்த்தபோது
"கொஞ்சம் வெளியே நில்லுங்கம்மா" என்றேன்.
எப்போதும் சொல்வதுதான்.
சரி சிஸ்டர் என்றாள்.
மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்,
சன்னதிக்கு முன்னால் நிற்கிற மாதிரி.
சொல்லப் போனபோதும்
அதே இடம். ஒரு விரல்கூடக் கோட்டைத் தாண்டவில்லை.
தாண்டியிருக்கலாம்.
திட்டியிருக்க மாட்டேன்.

மேடம் ஆறுதல் சொல்லவில்லை.
பேனாவை மூடினார்.
"செருப்பு என்ன நிறம்?" என்றார்.

நீலம்.
ஹவாய் செருப்பு.
வலது காலில் வார் அறுந்து
ஊக்கு குத்தியிருந்தது.

சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது
அதையும் நான் பார்த்திருக்கிறேன் என்று.
தேசம்மாள் உறையில்லாத தலையணை ஒன்றை
என் மடியில் வைத்தாள்.
பினாயில் வாசனை அடித்தது.
முகத்தை அதில் புதைத்துக்கொண்டேன்.
ஃபேனை யாரோ வேகமாக வைத்தார்கள்.

அரை மணி, ஐம்பது நிமிடமானது.
மெஹருன்னிசா கடைசிவரை பேசவில்லை.
பஸ்ஸை விட்டிருந்தாள்.
படியில் இறங்கும்போது
"அடுத்த வாரமும் உண்டா?" என்றாள்,
சம்பளத் தேதி கேட்கிற குரலில்.

நான் வார்டுக்குத் திரும்பி
ரெஜிஸ்டரைப் பிரித்தேன்.
ஏழை அடிக்கவில்லை.
பக்கத்துக் கட்டத்தில் எழுதினேன்:
ஒன்று, உடைந்தது.
எழில்மாறன் இடது கையால்
கீழே கையெழுத்துப் போட்டான்.